பேண்டை உடைத்தவள்

இணையத்தில் எங்கள் பாட்டு ஒன்று இன்னும் கிடக்கிறது. எப்போதாவது யாராவது அதைக் கண்டெடுத்துக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கே, இந்த பேண்டு இப்ப எங்க?" என்று கீழே எழுதுவார்கள். எங்கள் கிட்டார்காரன் மறக்காமல் பதில் போடுவான். "பாடகி விட்டுட்டுப் போயிட்டாங்க. அதோட எல்லாம் முடிஞ்சுது." பக்கத்தில் அழுகிற முகம் ஒன்று. கதிர் அறுப்பு நடக்கும்போதுகூட இதற்கு அவனுக்கு நேரம் கிடைத்துவிடுகிறது.

அந்தப் பாடகி நான்தான். இரண்டு வருஷம் பாடினேன், பாஸ் கிட்டார் வாசித்தேன், பிறகு தேவிகுளத்துக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளப் போய்விட்டேன். பேண்டை உடைத்தவள் என்று அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. படிக்கிறவர்கள் அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள். சிலர் காதல் தோல்வி என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். கல்யாணமாகி துபாய் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். துபாயாம். நான் அடிமாலிவரை போய்வரவே லீவு கேட்க வேண்டும்.

எங்கள் குடும்பம் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறி வந்தது. வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளை நாங்கள் லயம் என்போம். அப்படி ஒரு லயத்தில்தான் நானும் அண்ணனும் பிறந்தோம். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். அம்மா கொழுந்து கிள்ளி எங்களை ஆளாக்கினாள். அண்ணன் பிளஸ் டூவோடு நிறுத்திக்கொண்டு, சுற்றுலா வருகிறவர்களுக்கு மலை காட்டும் ஜீப் ஓட்டப் போனான். எனக்குத் தமிழ் படிக்க ஆசை. கேரளாவில் தமிழில் பட்டம் படிக்க இடம் தேடினால் அவ்வளவு எளிதாக அகப்படாது. தேடிப் பிடித்துப் பாலக்காட்டின் கிழக்கோரத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்து விடுதியில் தங்கினேன்.

அங்கேயும் சுற்றிலும் தமிழ்தான். ஆனால் கோயமுத்தூர்த் தமிழ். நான் வாயைத் திறந்தால் போதும், கிண்டல் ஆரம்பித்துவிடும். "வாரேன்னு சொல்லு, இன்னொருக்கா சொல்லு" என்று சொல்லவைத்துச் சிரிப்பார்கள். அவர்கள் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவதை நான் கிண்டல் செய்தால் மட்டும் முகம் சுருங்கிவிடும்.

அந்தக் கிண்டல் கூட்டத்தில் ஒருவன்தான் கிட்டார்காரன். நல்லேப்பிள்ளிப் பக்கம் வீடு, நிறைய வயல், ஒரே பிள்ளை. கலை விழாவுக்கு ஆள் பொறுக்கிய அன்று நான் ஒரு சோகப் பாட்டைப் பாடி முடித்துவிட்டு இறங்கினேன். நேராக வந்து நின்றான். "உன்ர கொரலுக்கு அழுகற பாட்டு ஆகாது புள்ள. சண்ட போடற பாட்டு வேணும்" என்றான். குரல் தேன் மாதிரி இருக்கிறது என்று அதுவரை பலர் சொல்லியிருக்கிறார்கள். அது எனக்குப் பிடிக்காது, பாடுகிற எல்லாப் பெண்ணிடமும் சொல்வதுதானே. இவன் சொன்னது உண்மை என்று அந்த நிமிஷமே எனக்குப் பட்டது. அவன்மேல் எத்தனை கோபம் இருந்தாலும் இந்த ஒன்றுக்காக இன்றும் நன்றி உண்டு.

அவன் சாமியாகக் கும்பிட்டது ஒரு அமெரிக்க பேண்டை. நடு அமெரிக்காவில் ஏதோ சோளக்காட்டு ஊராம். மூன்றே பேர். இரண்டு ஆல்பம் போட்டுவிட்டுப் பிரிந்து போனவர்கள். அந்த வகைக்குப் பாப் ராக் என்று பெயர் என்பதையும் அவன்தான் சொன்னான். ராக் மாதிரி அடிக்கும், ஆனால் ஒருதரம் கேட்டாலே வாயில் ஒட்டிக்கொள்ளும். கைபேசியில் ஒவ்வொரு பாட்டாகப் போட்டுக் காட்டினான். பாதி இங்கிலீஷ் எனக்குப் புரியவில்லை. ஆனால் கார் நிறுத்துகிற கொட்டகையில் நின்றுகொண்டு மூன்று பேர் இந்த ஆட்டம் போடலாம் என்றால், நாமும் போடலாம் என்று தோன்றியது. "ஏன் பிரிஞ்சாங்க?" என்று கேட்டேன். "கருத்து வேறுபாடு" என்றான் துக்கத்தோடு. பாடினவன் இப்போது வீடு விற்றுக் கொடுக்கும் தரகனாக இருக்கிறானாம். கருத்து வேறுபாட்டால் பேண்டு உடைவதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மூன்றாவது ஆள் டிரம்ஸ்காரன். மீனாட்சிபுரம். தொழுவம் நிறைய மாடு வைத்து, காலையும் சாயங்காலமும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற குடும்பம். தவிடும் புண்ணாக்கும் அடுக்கிய தீவனக் கொட்டகைதான் எங்கள் பயிற்சி இடம். மூட்டைகள் எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும் என்று கிட்டார்காரன் அறிவியல் பேசினான். முதல் நாள் டிரம்ஸ்காரனின் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங் கண்ணு, பாட்டு எப்பங்க ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார். நாங்கள் அதற்குள் மூன்று பாட்டு முடித்திருந்தோம். நல்ல பெண்மணி. எப்போது போனாலும் ஒரு சொம்பு மோர் வரும். கறவை நேரம் வந்தால் டிரம்ஸ்காரன் குச்சியைப் போட்டுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். கறந்து முடித்து, கை கழுவிவிட்டு வந்து விட்ட இடத்தில் பிடிப்பான்.

பாஸ் கிட்டாரைக் கிட்டார்காரன் வாங்கிப் போட்டிருந்தான், தொட ஆளில்லை. "நாலே கம்பி, பயப்படாத" என்று என் கையில் கொடுத்தான். விரல் நுனி வெடித்து, ஆறி, தோல் தடித்தது. லீவில் வீட்டுக்குப் போனபோது அம்மா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் விரல்களிலும் கொழுந்து கிள்ளிக் காய்த்த தடிப்பு உண்டு. "படிக்கத்தானட்டி போன? கை ஏன் இப்படி இருக்கு?" என்றாள். வாத்தியம் வாசிக்கிறேன் என்றேன். அவளுக்கு அது பிடித்ததா பிடிக்கவில்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

முதலில் அந்த அமெரிக்கர்களின் பாட்டுகளையே அடித்தோம். கல்லூரியில் கை தட்டினார்கள். ஊர்க் கோயில் திருவிழாவில் மேடை ஏறினால், "சினிமாப் பாட்டுப் போடுங்கப்பா" என்று கத்தினார்கள். ஒரு பெரியவர் மேடை ஓரம் வந்து, மைக் ரிப்பேரா என்று அக்கறையாக விசாரித்தார். சொந்தப் பாட்டு இருந்தால்தான் பிழைக்க முடியும் என்று முடிவாயிற்று. தமிழ் படிக்கிறவள் என்பதால் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. எங்கள் லயத்தில் அப்போது சிக்னல் கிடையாது. மேட்டில் ஒரு பாறை இருக்கிறது, அதில் ஏறி நின்றால் கைபேசியில் ஒரு கோடு, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு கோடு வரும். அங்கே நின்றுகொண்டு காதலனோடு பேசுகிறவள் பாடுவதாக எழுதினேன்.

ஒரு கோடு வந்தா ஒம் பேரு
ரெண்டு கோடு வந்தா ஒங் கொரலு
மூணாங் கோடு வரும் முன்ன
மழ வந்திருச்சே, நான் என்ன செய்ய?

ஒரே மூச்சில் எழுதியது. பெரிய இலக்கியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'நான் என்ன செய்ய' என்று குரலை உயர்த்தும் இடத்தில் கூட்டம் முழுக்க எழுந்து குதிக்கும். முன்வரிசைப் பெண்கள் எனக்கு முன்னால் அந்த வரியைக் கத்திவிடுவார்கள். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை.

படிப்பு முடிந்த பிறகும் நாங்கள் பிரியவில்லை. அங்கேயே ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, பெண்கள் விடுதி ஒன்றில் தங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தீவனக் கொட்டகை. கோயமுத்தூர்ப் போட்டி ஒன்றில் இரண்டாம் பரிசு வாங்கினோம். "கேரளாவுல இருந்து வந்து இவ்வளவு அழகாத் தமிழ் பாடுறீங்களே" என்று நடுவர் வியந்தார். திருச்சூரில் ஒரு மேடை ஏறினோம். தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் விருந்தாளிகள் என்று அறிவித்தார்கள். கிட்டார்காரனும் டிரம்ஸ்காரனும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்களுக்கு நின்று சிரிக்கச் சொந்த மண் இருந்தது.

திருச்சூர் மேடையை யாரோ படமெடுத்து இணையத்தில் ஏற்ற, பாட்டு தானாக ஓடத் தொடங்கியது. பஸ்ஸில் ஒரு பள்ளிக்கூடப் பெண் அதை முணுமுணுப்பதை என் காதால் கேட்டேன். அப்புறம் கொச்சியிலிருந்து ஒரு இசைக் கம்பெனி கூப்பிட்டது. ஆறு பாட்டு கொண்ட ஒரு ஆல்பம், அதைத் தொடர்ந்து ஊர் ஊராக நிகழ்ச்சிகள். மூவரும் ஒரு வருஷம் கொச்சியில் தங்க வேண்டும். தங்குமிடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. சேதி வந்த அன்று டிரம்ஸ்காரன் புண்ணாக்கு மூட்டைமேல் ஏறி நின்று கூவினான். கிட்டார்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் வீட்டில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று மூணாறு பஸ் பிடித்தேன்.

அம்மாவுக்கு ஓய்வு வயது வந்தது அப்போதுதான்.

வெளியாட்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். லயத்து வீடு எங்கள் வீடு இல்லை, கம்பெனி வீடு. குடும்பத்தில் ஒருவருடைய பேர் நிரந்தரத் தொழிலாளியாக எஸ்டேட்டில் இருக்கும்வரை அங்கே குடியிருக்கலாம். ஓய்வு பெறுகிறவர் தனக்குப் பதிலாகப் பிள்ளைகளில் ஒருவரை வேலைக்குக் கொடுக்கலாம். பேர் கொடுக்கிறது என்போம். யாரும் பேர் கொடுக்காவிட்டால் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். அங்கேயே பிறந்து அங்கேயே செத்த குடும்பத்துக்கு வெளியே ஒரு பிடி மண் கிடையாது.

நான் கொச்சியைப் பற்றி வாயெடுப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"அடுத்த மாசத்தோட எனக்கு முடியுது. ஒம் பேரத்தான் குடுக்கணும்னு இருக்கேன்."

"ஏன், அண்ணன் இருக்கான்லா?"

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டிலிருந்து நிமிராமலேயே சொன்னான். "ஜீப்ப எவன் ஓட்டுவான்? சீசன்ல ஒரு நாள்ல வாரது, எஸ்டேட்டுல ஒரு வாரம் மருந்தடிச்சாலும் வராது. நான் போயி கொழுந்துச் சாக்கு செமக்கவா?"

"நான் மட்டும் செமக்கலாமா?"

"நீ என்னத்தப் பண்ணுத? பாட்டுத்தான பாடுத?"

கொச்சியைச் சொன்னேன். கம்பெனி, ஆல்பம், நிகழ்ச்சிகள் எல்லாம் சொன்னேன். அம்மா கடைசிவரை கேட்டாள். அவள் கெட்டவள் இல்லை. என் பாட்டை அண்ணனின் கைபேசியில் கேட்டுவிட்டு அழுதவள்தான். "ஒரு வருசம் சரி. அதுக்குப் பெறவு?" என்று கேட்டாள்.

"அண்ணனுக்குப் பொண்ணு பாக்கணும். வீடு இல்லாதவனுக்கு எவன் பொண்ணு தருவான்? அவன் கல்யாணம் வரைக்கும் ஒம் பேரு இருக்கட்டும். வாரவ பேருக்கு மாத்திக் குடுத்துட்டு நீ கெளம்பு. நான் தடுக்க மாட்டேன்" என்றாள்.

கல்யாணமாகிப் போகும் மகளின் பேரை எடுத்துவிட்டு, வீட்டுக்கு வரும் மருமகளின் பேரைப் போடுவது எங்கள் லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். மேல் லயத்தில் இன்னார் மாற்றினார்கள், கீழ் லயத்தில் இன்னார் மாற்றினார்கள் என்று அம்மா வரிசையாகச் சொன்னாள். நானே அதில் சிலரைப் பார்த்திருக்கிறேன். ஆபீசில் போய் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கொழுந்து எடையில் கொஞ்சம் குறைத்தால் சண்டைக்குப் போகிறவர்கள் நாங்கள். இவ்வளவு பெரிய காரியத்தை லயத்துப் பேச்சை நம்பியே செய்தோம். எங்களுக்கு ஆபீஸ் என்பது கூப்பிட்டால் போகிற இடம். நாமாகப் போய் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற இடம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. பட்டம் படித்த எனக்கும் அந்தப் பழக்கம் விடவில்லை.

கிட்டார்காரனிடம் சொன்னபோது அவனுக்கு விஷயமே பிடிபடவில்லை. "ஊடுதான் பிரச்சனையா? இதுக்குப் போயி இப்படிப் பேசற? எங்க களத்துக்குப் பக்கத்துல ரெண்டு ரூமு சும்மாத்தான் கெடக்குது. உங்கம்மாவக் கூட்டிட்டு வந்துரு. எத்தன நாள் வேணும்னாலும் இருந்துக்கட்டும்" என்றான். அவன் மனதாரச் சொன்னான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த இரண்டு அறைகளை நான் பார்த்திருக்கிறேன். வயல் வேலைக்கு வருகிற ஆட்கள் தங்குகிற அறைகள். அங்கே குடிவந்தால் என் அம்மா, அவன் அம்மா கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிறவளாக ஆகிவிடுவாள். யாரும் ஏவ வேண்டாம், அந்த இடமே ஏவிவிடும். அம்மாவிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "அங்க போயி நான் யாரு?" என்று கேட்டாள். அவனிடம் நான் அந்தக் கேள்வியைச் சொல்லவில்லை. சொன்னாலும் புரிந்திருக்காது. சும்மாக் கிடக்கிற வீடு என்ற ஒன்று உலகத்தில் உண்டு என்பதையே நான் அவன் சொல்லித்தான் கேட்டேன்.

தை மாதத்துக்குள் அண்ணன் கல்யாணம், அதுவரை பொறுங்கள் என்று கெஞ்சினேன். கிட்டார்காரன் கம்பெனியிடம் பேசித் தவணை வாங்கினான். டிரம்ஸ்காரன், "நீ வாம்மிணி, பாத்துக்கலாம்" என்றான். என் பேரைக் கொடுத்தாயிற்று.

கொழுந்து கிள்ளுவது என்று வாயால்தான் சொல்கிறோம், பல நாட்கள் கையில் பெரிய கத்தரிதான். வெட்டி வெட்டிச் சாக்கை நிரப்பிச் சுமந்துகொண்டு ஏற வேண்டும். மழைக்கு பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொள்வோம். அட்டை கடிக்கும். முதல் மாதம் அழுதேன், இரண்டாவது மாதம் அழ நேரமில்லை. ரோட்டோரம் வண்டியை நிறுத்திப் படமெடுக்கிற சுற்றுலாக்காரர்களில் ஒரு பெண் ஒருநாள், "வேலை செய்யறப்போ பாடுவீங்களாமே, ஒண்ணு பாடுங்களேன்" என்று கைபேசியை நீட்டினாள். மூச்சு முட்டும் அந்த ஏற்றத்தில் யார் பாடுவார்கள்? பக்கத்தில் இருந்த அக்கா, "இந்தா, இவ நல்லாப் பாடுவா" என்று என்னைக் காட்டிவிட்டாள். பாட மாட்டேன் என்றேன். அந்தப் பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. வாடட்டும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணன் கல்யாணம் நடந்தது. வந்த மதினி தங்கமானவள். அவள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தேனிப் பக்கம் தோட்ட வேலைக்குப் போய்ப் பழகியவள். "ஒங்க பேர எடுத்துட்டு எம் பேரப் போடுங்க. நீங்க போயிப் பாடுங்க. டிவில வரணும், ஆமா" என்று அவளே என்னைக் கிளப்பிக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள். இரண்டு பேரும் நல்ல சேலை கட்டிக்கொண்டு போனோம்.

ஆபீசில் இருந்தவர் வயதான மலையாளி. பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "மோளே, அதொக்கெ பண்டு. இப்போ அங்ஙனெ பற்றில்ல" என்றார். அதெல்லாம் பழைய காலம், இப்போது அப்படிச் செய்ய முடியாது என்று அர்த்தம். இனி என் பேர் மாற வேண்டுமென்றால் நான் ஓய்வு பெற வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு முடியாமல் போக வேண்டும். ராஜிநாமா எழுதிக் கொடுக்கலாம், தாராளமாகக் கொடுக்கலாம். கொடுத்தால் வீட்டை ஒழிக்க வேண்டும். மதினியை வேண்டுமானால் தற்காலிக ஆளாக எடுப்பார்கள். தற்காலிக ஆளுக்கு வீடு கிடையாது.

"வந்நு சோதிக்காமாயிருந்நில்லே, பேர் கொடுக்கும் முன்பே?" என்று கேட்டார். முன்னாடியே வந்து கேட்டிருக்கலாமே என்கிறார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. மதினி அங்கேயே அழுதுவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. மேசைமேல் இருந்த அவருடைய கண்ணாடியை எடுத்து ஓங்கி அடிக்க வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். வீட்டை விட்டுவிடுவோம், எங்கேயாவது வாடகைக்குப் போவோம், நீ போ என்று யாராவது ஒருவர் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். சத்தியமாக எதிர்பார்த்தேன். அண்ணன் வெளியே போய் ஜீப்பைத் துடைக்க ஆரம்பித்தான். அம்மா, "எல்லாம் நம்ம தலையெழுத்து" என்றாள். என் தலையெழுத்து எப்படி நம்ம தலையெழுத்தாக ஆனது என்று அவளிடம் நான் கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்டிருந்தால் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லியிருப்பேன். மதினி வேறு மாசமாக இருந்தாள்.

பாறைமேல் ஏறி கிட்டார்காரனைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "சேரி, என்ன பண்றது" என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, "கம்பெனிக்காரங்க ரெண்டு மாசமாவே வேற ஒரு புள்ளயப் பாத்து வெச்சிருக்காங்க. நீ சங்கடப்படுவேன்னு சொல்லல" என்றான். நான் வருவேன் என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த இரண்டு மாதமும் அவர்கள் வேறொருத்தியோடு பாடிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர்கள் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று நியாயம் பேசலாம். நானே பலமுறை எனக்குள் பேசியிருக்கிறேன். ஆனால் நியாயம் தெரிந்தால் கோபம் போய்விடுமா? போகவில்லை.

ஆல்பம் வெளிவந்தது. கொச்சிப் பெண் சங்கீதம் முறையாகக் கற்றவள். என் பாட்டையும் அவள்தான் பாடியிருந்தாள். சுருதி கொஞ்சமும் பிசகவில்லை. ஆனால் 'நான் என்ன செய்ய' என்பதை அவ்வளவு இனிமையாகப் பாடினாள். அந்த வரியில் இனிமைக்கு என்ன வேலை? அவளுக்கு வேறு வழியே இல்லாமல் போன மாதிரியே கேட்கவில்லை. எனக்கு அப்போது ஏற்பட்டது சந்தோஷம்தான் என்பதை மறைக்கப் போவதில்லை. ஆல்பம் ஓடவில்லை என்று தெரிந்ததும் இன்னும் சந்தோஷம்.

கம்பெனி அடுத்த ஆல்பத்துக்குக் கூப்பிடவில்லை. டிரம்ஸ்காரன் மாட்டுக்குத் திரும்பினான், தீவனக் கொட்டகையை இடித்துவிட்டுப் பெரிய தொழுவமாகக் கட்டியிருக்கிறான். கிட்டார்காரன் வயலைப் பார்த்துக்கொண்டு, கல்யாண மண்டபங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறான். வசதியாகத்தான் இருக்கிறார்கள். தோற்றுவிட்டுத் திரும்புவதற்கும் ஒரு வீடு வேண்டும், அது அவர்களுக்கு இருந்தது. அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, பாடகி போனதால் போயிற்று என்று எழுதுகிறான். போகட்டும்.

வருஷங்கள் ஓடின. என்னைப் பெண் கேட்டு வந்தவர்களில் இரண்டு பேர், நான் இந்த வீட்டில் இருந்துகொண்டே வேலை பார்த்தால் போதும், தாங்களே இங்கே வந்துவிடுவதாகச் சொன்னார்கள். என்னைப் பார்க்க வந்தவர்களா வீட்டைப் பார்க்க வந்தவர்களா என்று தெரியாததால் வேண்டாம் என்றுவிட்டேன். அண்ணனுக்கு ஜீப் இரண்டானது, பிறகு மூன்றானது. மதினிக்கு இரண்டு பிள்ளைகள். என்னை அத்தை அத்தை என்று சுற்றிவருவார்கள்.

போன வருஷம் அண்ணன் போடிப் பக்கம் இடம் வாங்கி வீடு கட்டினான். பிள்ளைகளுக்கு அங்கேதான் பள்ளிக்கூடம் வசதி என்றான். கிரகப் பிரவேசத்துக்கு நான் லீவு போட்டுப் போனேன். நல்ல வீடு. டைல்ஸ் போட்டிருக்கிறான், வீட்டுக்குள்ளேயே குழாய். சுற்றிக் காட்டும்போது அவன் முகத்தில் பெருமை வழிந்தது. ஒவ்வொரு அறையாக இது யாருக்கு, அது யாருக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தான். அம்மாவுக்கு என்று ஒரு அறை இருந்தது. அம்மாவும் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, முட்டி வலி, அவனோடு போகிறேன் என்றாள்.

நானும் வேலையை விட்டுவிட்டு வரலாமே என்று மதினி மட்டும் கேட்டாள். வந்து? அண்ணன் வீட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டு, அத்தையாக உட்கார்ந்திருக்கவா? எங்கே போனாலும் எனக்கு என்று இருப்பது இந்த வேலை ஒன்றுதான். அவர்கள் எல்லோரும் குடியிருக்க வேண்டும் என்று நான் பிடித்து வைத்த வீட்டில், கடைசியில் அவர்கள் யாரும் இல்லை.

சாமான்களை ஏற்றிய ஜீப் புறப்படும்போது அம்மா இறங்கிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"இனிமே வீட்டுல நீ ஒருத்திதான். ஒனக்குப் புடிச்ச மாதிரி, எவ்வளவு சத்தமா வேணும்னாலும் பாடுட்டி" என்றாள்.

கேலியில்லை. எனக்கு ஒரு நல்லது செய்துவிட்டுப் போகிற மாதிரி, மனதாரச் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தலையாட்டி அனுப்பிவைத்தேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, காலியாகக் கிடந்த முன்னறையில் நின்று பாடிப் பார்த்தேன். முதலில் குரல் எழும்பவே இல்லை. மறுபடி எடுத்தேன், கொஞ்சம் ஏறியது. மூன்றாவது தடவை எனக்கே பழைய குரல் கேட்டது. அப்போது சுவரில் டொக் டொக்கென்று தட்டும் சத்தம். லயத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்தான்.

"ஏ பிள்ள, கொஞ்சம் மெதுவா. பாப்பாவுக்கு நாளைக்குப் பரீட்ச" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

சரிக்கா என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.